ஒரு தறியில் ரெண்டு நாடா

ஆராய்ச்சி மாறிவிட்டதாம். போன மாதம் தம்பி வெளிநாட்டிலிருந்து போனில் கூப்பிட்டுச் சொன்னான். அவன் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களை உட்காரவைத்து, வீட்டில் உங்கள் தாய்மொழியிலேயே பேசுங்கள், இரண்டு மொழி புழங்குகிற வீட்டில் வளர்கிற பிள்ளைக்குக் குறை ஒன்றும் வராது, நல்லதுதான் என்று சொன்னார்களாம். அதற்கென்று பாடங்கள், படங்கள், செல்போனில் ஒரு செயலி எல்லாம் கொடுத்திருக்கிறார்களாம். செயலியில் கன்னடம் இருக்கிறது, ஆனால் அது நம் வீட்டுக் கன்னடம்தானா என்று எனக்குத் தெரியவில்லையே அக்கா என்றான். அம்மா உன்னிடம் என்னவெல்லாம் பேசுவாளோ அதைக் கொஞ்சம் பேசிப் பதிவுசெய்து அனுப்பு என்று கேட்டான். சரி என்றேன். வேறென்ன சொல்வது? இதே ஆராய்ச்சி பல வருஷங்களுக்கு முன்னால் வேறு வேஷம் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து போனது அவனுக்கு நினைவிருக்க நியாயமில்லை. அப்போது அவனுக்கு மூன்று வயதுதான் முடிந்திருந்தது.

ஆட்டையாம்பட்டியில் எங்கள் தெருவில் கன்னடம் பேசுகிற வீடு எங்களுடையது ஒன்றுதான். எந்தக் காலத்திலோ மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த நெசவுக் குடும்பம். தறிக்கும் சாமிக்கும் சோற்றுக்கும் கன்னடம், தெருவுக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தமிழ் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிரித்து வைத்திருந்தோம். வாசற்படி தாண்டும்போது செருப்பை மாட்டுவதுபோலத் தமிழை மாட்டிக்கொள்வோம். அம்மாவுக்கு மட்டும் அந்தச் செருப்பு வாய்க்கவில்லை. அவளைக் கர்நாடகத்துக் கொள்ளேகாலத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வந்து எத்தனையோ வருஷமாகியும் அவளுடைய தமிழ் உப்பு, புளி, தண்ணி, போதும் என்பதோடு நின்றுபோயிருந்தது. மற்றவர்கள் பேசினால் முக்கால்வாசி புரியும். பதில் சொல்ல வாயெடுத்தால் தெருப்பெண்கள் சிரிப்பார்கள். அதனால் வெளியே அவள் வாயெடுப்பதில்லை.

அதற்கெல்லாம் சேர்த்து வைத்து வீட்டுக்குள் பேசுவாள். அப்பா நெய்தது பட்டுச்சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கிழையை ஓட்டுகிற கட்டைக்கு நாடா என்று பேர்; கரைக்குத் தனி நாடா உண்டு. அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து உடல் நாடாவை ஓட்ட, அம்மா அவருக்கு வலப்பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவாள். நாடா போகிறபோதெல்லாம் கூடவே அம்மாவின் பேச்சும் போகும். கொள்ளேகாலத்து மாமன் கதை, எதிர்வீட்டுச் சண்டை, நேற்றுக் கண்ட கனவு என்று சேலை நீளத்துக்குப் பேச்சும் நீளும். அப்பா ‘ம்’ கொட்டுவார். சில நாள் எங்கள் சோறு ஆறிப்போகும், அவள் கதை முடிந்திருக்காது.

தம்பிக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. மூன்று வயது முடிந்தும் நாலைந்து சொல்லுக்கு மேல் இல்லை. அதிலும் பாதி கன்னடம், பாதி தமிழ். அவனைச் சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கனவு. தறிக்குழியிலிருந்து ஒருவனாவது மேலே ஏற வேண்டும் என்பார். அங்கே சேர்க்கும்போது பிள்ளையைப் பேசவைத்துப் பார்ப்பார்களாம். பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீடே கவலையில் கிடந்தது. நான் பெண்பிள்ளை. தெருமுனை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். என்னை வைத்து யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா வந்தார். அவர் சேலத்தில் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோலத் துண்டில் சுற்றி ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேல் படாமல் பத்திரமாக வைத்தார். கல்லூரியில் பெரிய நிபுணர் ஒருவர் வந்து பேசினாராம். சின்ன வயதில் இரண்டு மொழி காதில் விழுந்தால் பிள்ளையின் மூளை குழம்பிப்போகும் என்பது புத்தம்புது கண்டுபிடிப்பாம்.

“ஒரு தறியில ஒரே நேரத்துல ரெண்டு நாடாவ எதிரும் புதிருமா உட்டா என்னங்ணா ஆகும்? முட்டிக்கிட்டுப் பாவு அறுந்துரும். கொழந்த மூளையும் அப்படித்தானுங்க. இனிமே இவன் காதுல கன்னடமே உழுகக்கூடாது. ஊட்டுல தமிழு மட்டுந்தான் பேசோணும். இங்கிலீசுக்கு இந்தப் பொட்டி இருக்குது” என்றார் சித்தப்பா.

அன்று காலையில்கூட ஒரே சேலையில் தனித்தனி நாடா ஓட்டி இழை அறாமல் நெய்திருந்த அப்பா, “படிச்சவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று தலையாட்டினார். கன்னடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இங்கிலீஷை வைத்தால் அதுவும் இரண்டு நாடாதானே என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளிடம் விஷயத்தைக் கடைசியாக ஒருமுறை கன்னடத்தில் அப்பாதான் சொன்னார். பிள்ளைக்குப் பேச்சு வருமென்றால் நான் வாயைத் தைத்துக்கொள்கிறேன் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சித்தப்பா ஒரு தண்டனையும் வைத்தார். நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றிய குச்சியைத் தார் என்போம். தம்பி காதுபடக் கன்னடம் பேசுகிறவர் கூடுதலாக ஒரு தார் சுற்ற வேண்டும். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. அம்மா எப்போது தவறுவாள் என்று காத்துக் கிடந்து “தாரு! தாரு!” என்று கத்துவேன். சோறு இறக்கும்போது சுட்டுக்கொண்டு அம்மா “அய்யய்யோ” என்றால், அது தமிழா கன்னடமா என்று நானும் சித்தப்பாவும் வழக்காடுவோம். அம்மாவின் கூடை தாரால் நிறைந்தது. பிறகு நிறைவது நின்றுபோனது. அவள் பேசுவதையே விட்டிருந்தாள்.

வீடு பழகிக்கொண்டது. ஏதாவது வேண்டுமென்றால் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கையைக் காட்டுவாள். தறியில் அப்பாவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல்லும் இல்லாமல் நெய்தார்கள். நாடாச் சத்தம் அவ்வளவு பெரிது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. தம்பியோ தமிழில் பேச ஆரம்பித்துவிட்டான். தெருப்பிள்ளைகளோடு புழுதியில் புரள்கிற பிள்ளை எப்படியும் பேசியிருப்பான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பேர் சித்தப்பாவின் முறைக்குப் போயிற்று.

பெட்டியும் தன் வேலையைச் செய்தது. ஒரு பெண்குரல் இங்கிலீஷில் பேரைக் கேட்கும், கொஞ்சம் இடைவெளி விட்டுத் தானே பதிலும் சொல்லும். தம்பி அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கூடவே சொல்வான். பேட்டரி தீரத் தீர அந்தக் குரல் இழுத்து இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும். அவனும் அப்படியே இழுப்பான். புது பேட்டரி போட்ட பிறகும் அவன் இழுப்பு மாறவில்லை.

அம்மா தார் சுற்றும்போது மட்டும் ஏதோ முணுமுணுப்பாள். ராட்டை கரகரவென்று சுற்றுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பாடுகிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் பின்னால் போய்க் காதை வைத்துக் கேட்டேன். பாட்டு இல்லை. பகலில் நாங்கள் அவளிடம் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். குழம்பில் ஏன் உப்பு குறைவு என்று அப்பா கேட்டதற்கு, என் பாவாடை எங்கே என்று நான் கேட்டதற்கு, மேகம் எங்கே போகிறது என்று தம்பி கேட்டதற்கு. ஒவ்வொன்றுக்கும் நிதானமாகக் கன்னடத்தில் பதில். ராட்டை நின்றால் அவளும் நிறுத்திக்கொள்வாள். அம்மாவும் தனக்கென்று ஒரு விளையாட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் ஓடிவிட்டேன்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. சேர்க்கை நாளில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையின் தாயும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா, அம்மா, சித்தப்பா, தம்பி, வேடிக்கை பார்க்க நான் என்று எல்லோரும் பஸ் ஏறினோம். சித்தப்பா யாருடைய பூட்ஸையோ இரவல் வாங்கி மாட்டியிருந்தார். “அண்ணி, அங்க நீங்க வாயத் தொறக்கவே வேண்டாமுங்க. எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா தன் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள்.

அந்த அறையில் மெழுகு வாசனை அடித்தது. வெள்ளை உடுப்பில் வயதான தலைமை சிஸ்டர் ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். இங்கிலீஷில் தம்பியின் பேரைக் கேட்டார். தம்பி பேட்டரி தீர்ந்த குரலில் இழுத்து இழுத்துச் சொன்னான். எவ்வளவு தெளிவாக, அவசரமில்லாமல் பேசுகிறான் என்று சிஸ்டர் மெச்சினார். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தானே பெற்றதுபோலப் பூரித்துப்போனார்.

பிறகு சிஸ்டர் அம்மாவின் பக்கம் திரும்பித் தமிழில், “பையனுக்கு வீட்டில் யார் சொல்லிக்கொடுக்கிறது? நீங்களாம்மா?” என்று கேட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். சிஸ்டர் பார்வையை அம்மாவிடமிருந்து எடுக்காமல் மறுபடியும் கேட்டார். அப்போது தம்பி, பெரியவர்களிடம் பேசச் சொல்லிக்கொடுத்திருந்த மரியாதையோடு, தமிழில் சொன்னான்.

“அம்மாளுக்குப் பேச வராதுங்க.”

குறும்பில்லை, பொய்யில்லை. அவனுக்குத் தெரிந்ததை அவன் சொன்னான். நினைவு வந்த நாளிலிருந்து அவன் பார்த்த அம்மா அதுதான்.

சிஸ்டரின் முகம் இளகிவிட்டது. எழுந்து மேசையைச் சுற்றி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் வாயைத் தொட்டு, கையை விரித்து, பேச்சு இல்லையா என்று சைகையில் கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். சித்தப்பா குனிந்து, அவிழாத பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். கன்னடம் மட்டும் தெரிந்த அம்மாவைவிட ஊமை அம்மா அந்த மேசையில் கூடுதலாகச் செல்லும் என்பது இருவருக்கும் அந்தக் கணத்திலேயே புரிந்திருக்க வேண்டும். அம்மா கொஞ்ச நேரம் அந்த வெள்ளைக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

“பேச முடியாத தாய் பெற்ற பிள்ளை இவ்வளவு அழகாகப் பேசுகிறானே” என்று சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பிக்கு அங்கேயே இடம் கிடைத்துவிட்டது.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் ஒரே கும்மாளம். “அண்ணி நடிப்புக்கு முன்னால எவனும் நிக்க முடியாதுங்ணா” என்று சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் சிஸ்டர் மாதிரி வாயைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டி எல்லோரையும் இன்னும் சிரிக்க வைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா கைமுறுக்கு வாங்கி முதலில் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை ஒவ்வொரு சுற்றாக ஒடித்துத் தின்றுகொண்டே பின்னால் நடந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா பெருந்தன்மையாகத் தடையை நீக்கினார். “இனிமே நீங்க பேசிக்கலாமுங்க அண்ணி.” அன்று சாயங்காலம் அம்மா தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “பாரோ மகனே, ஊட்டா மாடு” என்று தம்பியைக் கூப்பிட்டாள். வா மகனே, சாப்பிடு. அவ்வளவுதான். தம்பி அவளைப் பார்த்தான். பிறகு, இது என்ன சொல்கிறது என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தான். நான் சொல்வதற்குள் அம்மா ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். அவன் ஓடி வந்து உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு அவள் அவனிடம் கையால்தான் பேசினாள். பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாக்களில் சிஸ்டர்கள் அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுச் சைகையில் நலம் விசாரித்தார்கள். அவளும் சைகையில் பதில் சொன்னாள். அவன் படித்து வெளிநாடு போய்ப் போனில் கூப்பிடும்போது ரிசீவரை வாங்கிக் காதில் வைத்து, அவன் தமிழில் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். போனில் கை தெரியாதே. கடைசி வரைக்கும் அப்படியே இருந்து போய்ச் சேர்ந்தாள்.

தம்பி கேட்டதற்காக நேற்று செல்போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கதைகள் எல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் வருகின்றன. வாய் கூசுகிறது. இரண்டு மொழியும் வேண்டும் என்று எந்த நிபுணர் இப்போது சொல்லி என்ன, சொல்லிக்கொடுக்க வேண்டியவளை நாங்கள் அன்றைக்கே நிறுத்திவிட்டோம். பதிவாகியிருப்பதைப் போட்டுக் கேட்டேன். என் மூச்சும், வெளியே பஸ் போகிற சத்தமும் இருந்தன. அழித்துவிட்டேன்.

அந்த அறையில் அம்மா தலையாட்டியதை வெகுகாலம் நானும் நடிப்பென்றுதான் நினைத்திருந்தேன். வருகிறவர்களிடம் வேடிக்கையாகச் சொல்லவும் செய்திருக்கிறேன். அம்மாவுக்கு நடிக்கத் தெரியாது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. பேச்சு இல்லையா என்று அந்த சிஸ்டர் கேட்டார். இருக்கிறதா என்று அவள் கொஞ்ச நேரம் தனக்குள் தேடிப் பார்த்துவிட்டுத்தான், இல்லை என்று ஒத்துக்கொண்டாள்.