எட்டாம் அறை மணி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'ஒருவேளை'. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டி முடித்து எழுந்திருக்கப் போகும் நேரம் பார்த்து, "ஒருவேளை அந்த ஃபைலே அங்க இல்லைன்னா?" என்பாள். எழுந்தவர்கள் மறுபடி உட்காருவார்கள். "ஆரம்பிச்சுட்டாங்கய்யா" என்று மேலாளர் முணுமுணுப்பார். ஆனால் அவள் கை பட்ட வேலை வாடிக்கையாளரிடம் போய் மானத்தை வாங்கியதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டிலும் இதே கதைதான். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். படி இறங்கியவள் திரும்ப ஏறி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். அடுப்பை அணைத்தோமா என்ற கேள்வி பேருந்தில் பாதி தூரம் கூடவே வரும். "திருடன் வர வேண்டாம், நீயே ஒருநாள் கதவைக் கழட்டிடுவ" என்பான் கணவன். சிரிப்பாள். இழுப்பதை மட்டும் விடமாட்டாள்.

அவளுடைய கம்பெனி மருத்துவமனைகளுக்கு அழைப்பு மணி செய்து தருகிறது. படுக்கையோரம் தொங்கும் பொத்தானை நோயாளி அமுக்கினால் நர்சுகளின் மேஜைக்கு மேலே மணி அடிக்கும், பலகையில் அறை எண் எரியும். எந்தப் பொத்தான் எந்த அறைக்கு, எவ்வளவு சத்தம், யாரும் போகாவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது எல்லாம் கான்ஃபிக் கோப்பு என்ற ஒன்றில் இருக்கும். பார்த்தால் வெறும் எழுத்துதான். அந்தந்த மருத்துவமனை ஆட்களே தட்டி வைப்பார்கள், ஆளுக்கொரு தினுசாக. அதைப் படித்து நிரலுக்குப் புரியும்படி பிரித்துக் கொடுப்பது இவள் வேலை.

முன்பு அதைச் செய்துகொண்டிருந்தது ஒட்டுப்போட்ட பழைய நிரல். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு லைப்ரரி என்று சொல்லப்படும் ஆயத்த நிரல் ஒன்றைக் கொண்டுவந்தாள். கோப்பில் என்னென்ன வரும், ஒவ்வொன்றும் என்ன வகை என்று அதற்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சத்தம் என்றால் எண். இரவு முறை என்றால் ஆம் அல்லது இல்லை. பிரிவின் பெயர் என்றால் எழுத்து. வகை பொருந்தாத எதையும் அது வாசலிலேயே நிறுத்திவிடும். இவளைப் போன்ற ஆளுக்கு வேறென்ன வேண்டும்? அதை எழுதி முடித்த அன்று வீட்டுக் கதவை ஒரே ஒரு தரம்தான் இழுத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

'அறை எண்' என்ற இடத்தில் மட்டும் அவள் யோசிக்கவில்லை. பெயரிலேயே எண் இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது? எண் என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். சோதித்துப் பார்க்க 101, 102 என்று அறைகளைக் கொடுத்தாள். பிசகில்லாமல் ஓடியது.

அந்தப் புது நிரல் போன இடங்களில் ஒன்று, அவளுடைய அப்பா படுத்திருந்த மருத்துவமனை. அப்பா லாரி ஓட்டியவர். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, நடை பழகுவதற்காகத் தரைத்தளத்தில் இருந்தார். 001 முதல் 010 வரை அறைகள். அவருக்கு 008. "அது எங்க மணிதாம்ப்பா" என்று பெருமையாகக் காட்டியிருந்தாள்.

பிறகுதான் புகார் வரத் தொடங்கியது.

"உங்கப்பா சும்மா சும்மா மணி அடிக்கிறாருக்கா" என்றாள் நர்ஸ். "ஓடிப் போய்ப் பார்த்தா, 'நான் கூப்பிடலையேம்மா'ங்கிறாரு. திரும்பி வந்து உட்கார்ந்தா மறுபடி எட்டு எரியுது. பத்தாம் ரூம்ல ஒரு அம்மா இருக்காங்க, பக்கவாதம், பாவம் பேச்சே வராது. தங்கமான அம்மா. வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல."

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "ஆயுசு பூரா வண்டி ஓட்டினேன். அநாவசியமா ஒரு ஹார்ன் அடிச்சவன் இல்ல. இப்பப் போய் மணி அடிச்சு விளையாடுவேனா?"

"சரிப்பா, சரிப்பா" என்றாள். சின்னப் பிள்ளையிடம் சொல்கிற 'சரி' அது. அவருக்கும் அது புரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர், ஞாபகம் தடுமாறுகிறது என்றார். செய்ததையே மறக்கிறார், திங்கட்கிழமை மறதி நோயாளிகள் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்றார். அந்தப் பிரிவின் கதவு வெளியே பூட்டியிருக்கும். அண்ணன் போனில், "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அவளும் தலையாட்டினாள்.

ஆட்டிய பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒருவேளை மயக்க மருந்தினாலோ? ஒருவேளை தூக்கம் கெட்டதாலோ? போன வருஷம் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடினாரே, அப்போதே தொடங்கிவிட்டதோ? சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுவாள், ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் அப்பா நிற்பது போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். நர்சுகள் மேஜையருகே நிறுத்தி, அவர் காலுக்குச் செருப்பு மாட்டக் குனிந்தாள். தலைக்கு மேலே மணி அடித்தது.

நர்ஸ் பழக்கதோஷத்தில் எழுந்தாள். "பாருங்கக்கா, மறுபடியும் உங்கப்பா..." என்றவள், அப்பா எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

பலகையில் எட்டு எரிந்தது. எட்டாம் அறையில் யாரும் இல்லை. பொத்தான் காலிக் கட்டிலில் கிடந்தது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கணினி உலகில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டு எட்டாக எண்ணுவது. அந்தக் கணக்கில் ஏழுக்கு அடுத்து வரும் எட்டைத்தான் 10 என்று எழுதுவார்கள். 010 என்று எழுதினால் எட்டு என்று அர்த்தம். 007 வரை எந்த வித்தியாசமும் தெரியாது. 008, 009 அந்தக் கணக்கில் கிடையாது, அதனால் லைப்ரரி அவற்றைச் சாதாரணமாகவே படித்துவிடும். கடைசி அறை ஒன்றுதான் மாட்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. அறை எண்ணை யார் கூட்டிக் கழிக்கப் போகிறார்கள்? அது எண்ணே அல்ல, அறையின் பெயர். எழுத்து என்று போட்டிருந்தால் பூஜ்யத்தோடு அப்படியே இருந்திருக்கும்.

"பத்தாம் ரூம்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நர்ஸ் பின்னால் ஓடி வந்தாள்.

அந்த அம்மாள் ஒரு பக்கமாகச் சரிந்து, கை உடம்புக்கு அடியில் மாட்டிக் கிடந்தார். துணி நனைந்திருந்தது. இன்னொரு கையின் கட்டைவிரல் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் உள்ளே வந்த பிறகும் அமுக்கிக்கொண்டேதான் இருந்தது. நர்ஸ் அவரைத் தூக்கி உட்கார வைத்து, விரலை மெல்லப் பிரித்தாள். "எத்தனை நாளாம்மா கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

'எட்டு எரிந்தால் பத்தையும் பாருங்கள்' என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பலகையில் ஒட்டினாள். மேலாளருக்குப் போன் செய்து எல்லா இடத்திலும் நிரலை நிறுத்தச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் வராந்தாவில் உட்கார்ந்தே எண் என்பதை எழுத்து என்று மாற்றி அனுப்பினாள். ஒரே ஒரு சொல்தான். டாக்டர் வந்து, இடமாற்றம் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை, அவர் முகத்தை அவளும் பார்க்கவில்லை.

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"நீங்க அடிக்கலப்பா."

"அதைத்தானேம்மா நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "எதுக்கெடுத்தாலும் ஒருவேளை, ஒருவேளைன்னு சொல்லுவியே. ஒருவேளை அப்பா சொல்றது நிஜமா இருக்குமோன்னு ஒரு தடவை தோணலையா உனக்கு?" என்றார்.

அவள் கட்டிலின் விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்பா பார்த்தார். பிறகு கையை நீட்டி, தலைமாட்டில் தொங்கிய பொத்தானைத் தேடி எடுத்து அமுக்கினார்.

நர்ஸ் ஓடி வந்தாள். "கூப்பிட்டீங்களா ஐயா?"

"ஆமாம்மா, இந்தத் தடவை நான்தான்" என்றார். "என் பொண்ணுக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்."