பெண் குரலுக்கு ஓர் ஆண்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், இலங்கை மலையகத்து மெல்லிசைக் குழுக்களில் பாடும் பெண்களைப் பற்றி முதுகலைப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு குழுவிலும் ஆண்கள் பலர், பெண் ஒருத்தி. வாத்தியக்காரர்கள் தலை நரைக்கும்வரை அதே குழுவில் இருந்தார்கள். அந்த ஒருத்தியோ சில திருவிழாக்களுக்குள் காணாமற்போயிருப்பாள், வேறொருத்தி வந்திருப்பாள். அவர்களைப் போக வைப்பவர் யார் என்பதே என் ஆய்வின் வினா. நானும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் விடை முன்பே தெரியும் என்று நம்பினேன். தகப்பனோ கணவனோ மாமியாரோ 'போகாதே' என்று சொல்லியிருப்பார். அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் மிச்சம்.

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு குழு ஞாயிறுதோறும் பிள்ளை மடுவத்தில் ஒத்திகை பார்த்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் கூடம் அது. தொட்டில் துணிகளைத் தூக்கி முடிந்துவிட்டு, அவற்றின் கீழே மேளங்களை வைப்பார்கள். அங்கே பாடியவளும் கொழுந்தெடுப்பவள்தான். உச்சத்தில் மெலியாமல் நிற்கும் குரல். நான் போன நாள்களில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை உடப்புசல்லாவைப் பக்கம்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் பாடணும்க்கா. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்," என்றாள்.

குழுத் தலைவர் ஆர்கன் வாசிப்பவர். நோர்வூட்டிலிருந்து ஓர் இளைஞரை அவர் அழைத்து வந்திருந்தார். பெண் குரலில் பாட வல்லவர்.

"ஒன் பாட்டெல்லாம் இவருக்குச் சொல்லிக் குடும்மா. நீ திரும்பி வர்ற வரைக்கும் ஒன் எடத்தை இவரு பாத்துக்குவாரு."

"அப்படியே சேலை கட்டவும் சொல்லிக் குடுத்துரும்மா," என்றார் மேளக்காரர்.

"சேலை ஒங்களுக்குத்தாண்ணே நல்லாருக்கும். வயிறு மறையும்," என்றார் இளைஞர்.

மடுவமே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு முழு மனத்தோடு கற்றுக்கொடுத்தாள். எந்தச் சொல்லில் குழைய வேண்டும், எங்கே குரலை அடக்க வேண்டும் என்று ஒவ்வோர் அடியாகப் பாடிக் காட்டினாள். "அவசரப்படாதீங்கண்ணே. மேல போறதுக்கு முன்னாடியே மூச்ச எடுத்துக்குங்க." அவர் பணிவோடு கற்றார், விரைவாகவும் கற்றார். தன் இடத்தை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்வதாகவே அவள் எண்ணியிருந்தாள்.

நான் எல்லோரையும் கேட்டேன். மாப்பிள்ளை, "பாடட்டும்ங்க, யாரு வேணாங்குறா? நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார். மாமியார் தம் லயமெங்கும், "எங்க மருமக மேடையில பாடுறவ," என்று சொல்லித் திரிந்தார். தலைவர், "கதவு தொறந்தேதான் இருக்கும்ங்க," என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா பொண்ணுங்கள நம்பித் திருவிழாவுக்கு ஒத்துக்க முடியுங்களா? இவரு ஆம்பள, இருந்துருவாரு," என்றும் சொன்னார்.

கல்யாணம் ஆனது. ஒத்திகைக்கு வர வேண்டுமானால் விடியுமுன் புறப்பட்டு நுவரெலியாவில் பஸ் மாற வேண்டும். ஒரு ஞாயிறு கணவருக்கு வேலை. ஒரு ஞாயிறு உறவில் சடங்கு. ஒரு ஞாயிறு மழையில் பாதை சரிந்திருந்தது. பிறகு வயிற்றில் பிள்ளை. அடுத்த ஞாயிறு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதையே சொன்னாள். வேண்டாம் என்ற சொல் எவர் வாயிலிருந்தும் வரவில்லை.

பிள்ளை பிறந்த மறு ஆண்டு அவள் புகுந்த தோட்டத்துத் திருவிழாவுக்கு அதே குழுவை அமர்த்தியிருந்தார்கள். நானும் போயிருந்தேன். அந்தி சாயும் நேரம். பெண்கள் கூட்டத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பழைய மேடைச் சேலையை உடுத்தியிருந்தாள். தலைவர் அவளைப் பார்த்துவிட்டார்.

"அடுத்த பாட்ட நம்ம தம்பிக்குச் சொல்லிக் குடுத்த தங்கச்சி இந்தத் தோட்டத்து மருமகதாங்க! ஒரு கைதட்டு குடுங்க!"

கூட்டம் தட்டியது. எல்லோரையும்விடக் கணவர் பலமாகத் தட்டினார். அவள் குழந்தையை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டு மேடையையே பார்த்தாள். கைதட்டல் அடங்கியது, இளைஞர் பாடத் தொடங்கினார்.

"அசல் பொம்பள மாதிரியே இருக்குல்ல?" என்று பக்கத்தில் நின்றவள் வியந்தாள்.

"நீயும் ஏறி ஒண்ணு பாடிருக்கலாமே," என்றேன். "யாரு வேணாம்னு சொன்னது?"

ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து நான் கேட்டுவந்த கேள்வி அது. அவள் கணவரைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், உண்மையாகவே யோசித்தாள்.

"யாருமே சொல்லலியேக்கா."

பனி இறங்கத் தொடங்கியிருந்தது. குழந்தையின் தலையைத் துண்டால் போர்த்திக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தாள். நானும் உடன் நடந்தேன். பின்னால் ஒலிபெருக்கியில் பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடம் வந்தது. அதற்குச் சற்று முன், கற்றுக்கொடுத்த அதே இடத்தில், அவர் மூச்செடுத்தார். என் பக்கத்தில் அவளும் மூச்செடுத்தாள். பாடவில்லை.