மிதியில் கட்டிய மணி

தறிக்குழியின் ஈரமண் குளிர்ச்சி, முழுப்பரீட்சை விடுமுறையின் மதியங்களில், அதன் ஓரமாகப் படுத்துப் புரண்டுகொண்டிருந்த என் முகத்தில் வந்து படும். கண்ணைத் திறந்தால், குழிக்குள் பெரியப்பாவின் வெறும் பாதங்கள் இரண்டும் "மிதி" எனப்படும் கட்டைகளை மாறி மாறி அழுத்திக்கொண்டிருக்கும். இடது, வலது, இடது, வலது. எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன், கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்களுக்கு அதுதான் காரணம் என்று பிற்பாடு வீட்டில் முடிவு செய்தார்கள்.

ஆரணியில் பெரியப்பா நெய்த பட்டுச் சேலையைக் குறை சொன்னவர் கிடையாது. அந்தக் கோடையில்தான் சேலையில் மெல்லிய கோடுகள் விழ ஆரம்பித்தன. ஒரே மிதியை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் குறுக்கே ஓடும் ஊடை இழை இரட்டையாக விழும்; நெய்யப் பழகுகிறவர்கள் செய்யும் தப்பு அது. இன்னொரு சேலை இப்படி வந்தால் நெய்ய அடுத்த பாவு நூல் கிடையாது என்று, நூல் கொடுக்கும் முதலாளி சொல்லிவிட்டுப் போனார். கண்தான் கெட்டுவிட்டதென்று குடும்பமே கூடித் தீர்மானித்து, தடித்த கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டினோம். பெரியப்பாவுக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் களை வந்தது. கோடுகள் நிற்கவில்லை, அவருக்கும் தெளிவாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

ஒருநாள் பக்கத்துச் சேவூரிலிருந்து நடந்து வந்த பெரியப்பா, ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றார். மற்றது கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. "எவனோ அட்சிகினு பூட்டான்" என்றார். காலில் இருக்கும்போதேவா திருடினான் என்று கேட்ட பெரியம்மா, அவரை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு காலடியில் அமர்ந்தாள்.

"இப்ப தெரியுதாங்க?"

"ம்."

"இப்ப?"

"தெரியுதுன்னு சொல்றேன் இல்ல? ஜல்தியா முடி."

"நான் இன்னும் குச்சியே வெக்கலங்க."

பல வருடச் சர்க்கரை உள்ளங்காலின் உணர்ச்சியைத் தின்றிருந்தது. தறியை விட்டுவிடச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. பெரியம்மா ஒரு மாட்டு மணியைக் கொண்டுவந்து வலது மிதியில் கட்டினாள். கால் சொல்லாததைக் காது சொன்னது: மணி, மௌனம், மணி, மௌனம். அந்த வருடம் என் தூக்கமெல்லாம் அதற்குள்தான் மிதந்தது. அடுத்த சேலையை முதலாளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, மடித்து, புதுப் பாவு நூலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

குழியிலிருந்து ஏறும்போது பெரியப்பா தடுமாறுவார். பிடித்துக்கொள்ள பெரியம்மாவின் தோள் அங்கே இருக்கும். பிறகு அவர் பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்குகளைத் துடைத்து, கீறல் ஏதும் உண்டா என்று தேடுவாள். அது வேறு யாரோ ஒருவரின் கால் என்பது போல அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது, எனக்கும் சர்க்கரை. ஒற்றைக் காலில் நின்று பழகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஃப்ரிட்ஜைப் பிடித்தபடி கொக்கு மாதிரி நிற்கிறேன். கொக்குக்குத் தொப்பை கிடையாது. பெரியப்பாவும் பெரியம்மாவும் போய்விட்டார்கள். குழியை மூடி, வழுக்கும் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. டாக்டர் என் பாதத்தைக் கவனமாகத்தான் பார்க்கிறார், ஒரு நிமிடம். அந்த வீட்டில் ஒரு பாதத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்க ஒருத்திக்கு ஒரு சாயங்காலம் முழுக்க நேரம் இருந்தது.