பாயசமும் பந்தயக் காரும்

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். பயப்படுவதுதான் என் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அடுத்தவர்கள் 'சாம்பார் மணக்குதே' என்று இலை தேடும் இடத்தில், நான் 'என்னமோ கருகுதே' என்று வாசலைத் தேடுவேன்.

கல்யாணமான புதிதில், 2005 வாக்கில், சென்னைக்குப் போன இடத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தேன். எனக்கென்று வாங்கியது. என் மனைவி ஒரே வாரத்தில் அதைத் தனதாக்கிக்கொண்டாள். அவளுக்குப் பிடித்த வண்டி ஒன்றுதான்: 787பி. ஆரஞ்சும் பச்சையுமான ஜப்பான் கார், நம்பர் ஐம்பத்தைந்து. நிஜமாகவே பிரான்ஸில் இருபத்துநாலு மணி நேரம் ஓடி ஜெயித்த வண்டி. ஒரு கட்டு ராக்கெட்டை மொத்தமாகப் பற்றவைத்த மாதிரி கூவும். கியரைக் குறைத்தால் பின்னால் தீ துப்பும். அப்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அந்தக் கூவலைக் கேட்டால் வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கும்.

"இங்கன கை வைங்க, சீக்கிரம்" என்பாள். நான் வைத்ததும் நின்றுவிடும். என் பிள்ளைக்கு அப்போதே குசும்பு.

கேமிலும் இருபத்துநாலு மணி நேரப் பந்தயம் உண்டு. நிஜமாகவே அத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும். வளைகாப்பு முடிந்து சாத்தூருக்குத் தாய்வீடு போவதற்குள் அதை முடித்துவிட வேண்டும் என்றாள்.

"போயிட்டா அப்புறம் நீங்க இங்கன, நான் அங்கன. சேந்து ஒண்ணயாவது முடிச்சுட்டுப் போறேனே."

மாறி மாறி ஓட்டினோம். பாதியில் சேமித்து வைக்க வழியில்லை. நிறுத்தி வைக்கலாம், கரண்ட் மட்டும் போகக்கூடாது. வீட்டை விட்டு இறங்கினால் மெயினை அணைக்கும் கை என்னுடையது. அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். பெட்டி சூடாகுமே என்று டேபிள் ஃபேனை அதற்கு வைத்துவிட்டு நாங்கள் வேர்த்தோம்.

வளைகாப்பும் வந்தது. சடங்கு முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இரண்டு கை நிறைய வளையலோடு இவள் கடைசிச் சுற்றுகளை ஓட்டிக்கொண்டிருந்தாள். வளைவுக்கு வளைவு வளையல் குலுங்கியது. முதலிடத்தில் இருந்தோம்.

"மாப்ள, சாத்தூர் போற வண்டி வந்து நிக்கி. நல்ல நேரம் போயிரும்" என்றார் மாமியார்.

"செத்த பொறுங்க அத்தை, இந்தா முடிஞ்சிரும்."

அப்போதுதான் எனக்கு அந்த வாசம் அடித்தது. கருகல்.

"எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தியபடி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். எங்கள் ஊரில் ஓடு என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கையில் பிசைந்த சோற்றோடு மொத்தச் சொந்தமும் தெருவில் நின்றது. நான் வீட்டில் வைத்திருக்கும் மணல் வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, எதன்மீது கொட்டுவது என்று சுற்றிச் சுற்றி வந்தேன்.

அவள் மட்டும் அசையவில்லை. டிவி இருண்டு கிடந்தது.

"பாயசம் அடிப்பிடிச்சிருச்சு மாப்ள" என்று தெருவிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"அந்த வாளியக் கீழ வைங்க" என்றாள் அவள். "இன்னும் மூணு சுத்துதாங்க பாக்கி இருந்துச்சு." கண் நிறைந்திருந்தது. அப்படியே எழுந்து வண்டியேறிப் போய்விட்டாள். வண்டி தெருமுனை திரும்பியபோதும் வாளி என் கையில்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. சாப்பிட்டீகளா என்றுகூடக் கேட்கவில்லை.

"வண்டியப் போடுங்க. போனை டிவிகிட்ட வைங்க. நான் இங்கன வயித்துல வச்சுக்கிடுதேன்."

போட்டேன். நேர்ச்சாலையில் 787பி உச்சத்துக்குப் போய்க் கூவியது. என் கண் சாலையில் இல்லை, போன் மேலேயே இருந்தது. பிறகு அவள் குரல், மூச்சு வாங்க:

"உதைக்குது! எம்புட்டு உதை!"

அடுத்து 'டமார்'.

"என்னங்க சத்தம்?"

"சுவத்துல மோதிட்டேன்."

"ஏன், பாயச வாசம் வந்துச்சோ?" என்று சிரித்தாள். "சரி, மொதல்லருந்து ஓட்டுங்க. இன்னும் உதைக்கணுமாம்."