வடிவம்மாள் ஊற்றிய மெழுகுவர்த்திகள்

மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் முன்னால் நின்று நின்று வடிவம்மாளுக்குக் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. அதற்குள் இறக்கியிருந்த தூக்குவாளியில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்ற பயத்தில் அவள் உட்காரவேயில்லை.

வயது நாற்பத்தெட்டு. பார்ப்பவர்கள் அறுபது என்பார்கள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு, ஒரு சித்திரை மாதக் காலையில், அவள் கணவர் ஐயம்பெருமாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரால் நிமிர முடியவில்லை. வலது கை, வலது கால், பேச்சில் பாதி, எல்லாம் அந்த ஒரு நொடியில் போயிற்று. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சு செய்த விரல்கள், வேட்டி முடிச்சை அவிழ்க்கக்கூட வழியில்லாமல் கட்டிலில் கிடந்தன. பிள்ளை இல்லாத வீடு. அவரைக் குளிப்பாட்ட, தூக்கி உட்கார வைக்க, ஊட்டிவிட, அவள் ஒருத்திதான்.

அவருடைய தம்பி சிவசங்கரன் களக்காட்டில் இருந்தான். கெட்டவன் இல்லை. அதுதான் வடிவம்மாளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம்.

"மதினி, நான் சொல்லுதத கோபப்படாமக் கேளுங்க. அண்ணன் எங்க வீட்டுல இருக்கட்டும். நாகர்கோவில்ல பொம்பளப் பிள்ளைய விடுதில வார்டன் வேலை சொல்லி வச்சிருக்கேன். சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அங்கனயே. நீங்களும் மனுசிதானே?"

"அவரு ஒருபக்கம், நான் ஒருபக்கமா தம்பி?"

"மாசம் ஒருக்கா வந்து பாத்துக்கிடலாம்லா."

மாதம் ஒருமுறை! கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட்டதில்லை. வீட்டைவிட்டு நகராமல் செய்கிற வேலை ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அவரைப் பிரிய வேண்டாம். தீபாவளி கழிந்த வியாழக்கிழமை காரோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான் சிவசங்கரன்.

அந்த நேரத்தில்தான் மாதர் சங்கத்தில் மூன்று நாள் மெழுகுவர்த்திப் பயிற்சி நடந்தது. கொக்கிரகுளத்தில் அவள் வீட்டுக்கு அடுத்த வளவில் பீடி சுற்றும் பொன்செல்விதான் இழுத்துக்கொண்டு போனாள். "கலக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம். பாக்கெட்டைப் பிரித்து உருக்கி ஊற்றினால் போதும். சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம்" என்று பயிற்சி கொடுத்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு பெட்டி மெழுகும், ஐந்தைந்து வர்த்தி ஊற்றும் இரண்டு அலுமினிய அச்சும், திரிக்கு ஒரு சிறிய நூல்கண்டும் கொடுத்தார்கள்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மெழுகுவர்த்தி விற்கும் பீர் முகம்மது பாயைப் போய்ப் பார்த்தாள். கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஊரிலுள்ள கிறிஸ்தவர்கள் எல்லாம் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

"பத்து மெழுவத்தி கொண்டு வாங்கம்மா. இங்கனயே ஏத்துவேன். கடைசி வரைக்கும் எரியணும். பாதியில அணைஞ்சா, அம்மையப்பனை நினைச்சு அழ வந்தவுக எங்கிட்டல்லா வந்து அழுவாக" என்றார் பாய். "எரிஞ்சுட்டுன்னு வச்சுக்கிடுங்க, வருசம் பூரா உங்ககிட்டதான் சரக்கு."

வீட்டில் பழகிப் பார்த்ததிலேயே நூல்கண்டு தீர்ந்துவிட்டது. வடிவம்மாள் கவலைப்படவில்லை. திரி திரிக்க அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? எட்டு வயதிலிருந்து திரிக்கிற கை அது. திருக்கார்த்திகைக்கு நெல்லையப்பர் கோயில் பக்கத்துச் சொந்தக்காரர்கள்கூட அவளிடம்தான் திரி கேட்டு வாங்குவார்கள். பஞ்சைப் பிய்த்து, கொட்டை எடுத்து, நீளமாகத் திரித்து, அச்சின் நடுவே கட்டி மெழுகை ஊற்றினாள். குளிர்ந்த பிறகு அச்சைத் திறந்தபோது வெள்ளை வெளேரென்று பத்து வர்த்திகள். கட்டிலில் இருந்து ஐயம்பெருமாள் பார்த்தார். கோணிய வாய் மெல்ல விரிந்தது.

"அ... அழகு" என்றார்.

அவர் அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனை மாதம் ஆகிவிட்டது!

தீபாவளி கழிந்த செவ்வாய்க்கிழமை பாய் பத்தையும் பலகையில் நிறுத்தி ஏற்றினார். சுடர் ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வடிவம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு பார்த்தாள். விரற்கடை அளவு எரிந்திருக்கும். முதல் வர்த்தி படபடவென்று பொரிந்தது. சுடர் சுருங்கி, நீலமாகி, உருகிய மெழுகுக்குள் முங்கி அணைந்தது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றும் நான்கும் ஒன்றாக.

ஊதுவத்தி வாங்க வந்த பலவேசம் என்பவர் எட்டிப் பார்த்தார். "என்ன வே பாய், மெழுவத்தியா, சீனிவெடியா?"

"நீரு வாங்க வந்ததை வாங்கிட்டுப் போவும் வே" என்று பாய் அதட்டினார். பிறகு வடிவம்மாள் பக்கம் திரும்பாமலே, "வியாழக்கிழமை வரைக்கும் பாப்பேன்மா. அதுக்கு மேல வெளியூரு சரக்குக்குச் சொல்லிருவேன். என் பொழப்பையும் பாக்கணும்லா" என்றார்.

பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். ஆற்றுப்பாலத்தைக் கடக்கும்போது ஐப்பசி மழைத் தண்ணீர் செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. அழலாம் என்று தோன்றியது. அழுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

புதன்கிழமை விடியுமுன் மறுபடி தொடங்கினாள். திரி இளக்கமாக இருந்ததுதான் குறை என்று முடிவு செய்து, இந்த முறை இன்னும் இறுக்கமாக, இன்னும் பார்த்துப் பார்த்துத் திரித்தாள். பதினோரு மணிக்கு ஒன்றை ஏற்றினாள். நேற்றைக்காவது விரற்கடை எரிந்தது. இன்று நகக்கண் அளவுகூட எரியவில்லை. தூக்குவாளியை இறக்கப் போனபோது பிடி நழுவி, சுடச்சுட மெழுகு மணிக்கட்டில் கொட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வ... வடிவு!" கட்டிலில் இருந்து அவர் புரண்டு எழப் பார்த்தார். முடியுமா? தலையணைதான் கீழே விழுந்தது. மனைவியின் கை வெந்து கிடக்கிறது, நாலடி தூரத்தில் கிடக்கும் கணவனால் ஒரு வாய் ஊதிவிட முடியவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது.

சத்தம் கேட்டுப் பீடித் தட்டோடு ஓடிவந்த பொன்செல்வி அவள் கையைப் பிடித்துக் குடத்துத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

"என்னக்கா இது, அறிவு இருக்கா? பைய இறக்கக் கூடாதா?"

"எரிய மாட்டேங்குதுடி. நானும் என்னென்னமோ செஞ்சு பாத்துட்டேன்."

"சரி, இன்னொரு கையைக் காட்டுங்க. அதுலயும் மெழுகா? வெள்ளையா இருக்கு."

"அது திருநீறு."

"திருநீறா? அது எதுக்கு விரல்ல?"

"திரிக்கும்போது தொட்டுக்கிடதுதான். தொடாமத் திரிச்சா பஞ்சு வழுக்கும். எங்க வீடுகள்ல எல்லாரும் அப்படித்தான்."

பொன்செல்வி அணைந்த வர்த்தி ஒன்றை உடைத்துத் திரியை உருவினாள். விரலால் நசுக்கினாள். சாம்பல் கட்டி கட்டியாக வந்தது.

"அக்கா, எங்க வீட்டு ஸ்டவ்வுத் திரியில தூசி அடைச்சா எண்ணெய் மேல ஏறாது. இதுக்குள்ள கைப்பிடி சாம்பலு இருக்கு. மெழுகு எங்கன இருந்து ஏறும்? நீங்க ஏத்த முந்தியே அணைச்சுல்லா வச்சிருக்கிய!"

வடிவம்மாள் தன் விரல்களையே பார்த்தாள். இறுக்கமாகத் திரிக்க வேண்டும் என்று நேற்றைவிட இன்று இரண்டு மடங்கு தொட்டிருக்கிறாள். அது மட்டுமா? யாரோ முகம் தெரியாத ஒருவரின் கல்லறையில் எரியப்போகிற விளக்கு, நல்லபடியாக எரியட்டும் என்று ஒவ்வொரு முறையும் சிவசிவா என்று சொல்லித்தான் தொட்டாள். அகல்விளக்கில் எண்ணெய்க்குள் கிடக்கும் திரி அதைப் பொறுத்துக்கொண்டது. மெழுகு பொறுக்கவில்லை.

"தொடாமத் திரிங்க" என்றாள் பொன்செல்வி.

திரித்துப் பார்த்தாள். மழை ஈரத்தில் பஞ்சு விரலோடு ஒட்டியது, பிரிந்தது, முடிச்சு விழுந்தது. நாற்பது வருடம் பழகிய கை, திருநீறு இல்லாமல் ஒரு சாண் திரிக்கத் தெரியாமல் தடுமாறியது. வெந்த மணிக்கட்டு வேறு விண்விண்ணென்று தெறித்தது.

"போதும் விடுங்க. பாக்கவே பாவமா இருக்கு." பொன்செல்வி தன் தட்டிலிருந்து பீடி கட்டும் நூலை எடுத்தாள். "பருத்தி நூலுதான். கண்டுல மிச்சம் கிடக்கதை எல்லாம் சேத்து வச்சிருக்கேன். பல இழையை ஒண்ணாச் சேத்துச் சடை பின்னுதாப்புல பின்னுவோம். சடை பின்னத் தெரியும்லா? இல்ல, அதுக்கும் திருநீறு வேணுமா?"

வடிவம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. இரண்டையும் துடைத்துக்கொண்டு பின்ன உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பாய் கடையில் பத்து வர்த்திகளும் எரியத் தொடங்கின. வீட்டில் ஐயம்பெருமாளுக்குக் காவலாகப் பொன்செல்வி பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். "தம்பி வந்தா நான் வரும்வரை நிறுத்தி வை" என்று சொல்லியிருந்தாள் வடிவம்மாள்.

விரற்கடை எரிந்தது. அணையவில்லை. பாதி எரிந்தது. பாய் வேண்டுமென்றே மின்விசிறியைத் தட்டிவிட்டார். சுடர்கள் படுத்து எழுந்தன. பன்னிரண்டு மணி. அவளுக்குத் தலை சுற்றியது. மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அணைந்துவிடுமோ என்று கண்ணை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். கடைசி வர்த்தி பலகையோடு பலகையாக உருகி, ஒரு துளி வெளிச்சமாக நின்று, முடிந்தபோது மணி ஒன்று.

"ஐந்நூறு வேணும். சனிக்கிழமைக்குள்ள" என்றார் பாய். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "முதல்ல ஒரு வாய் டீ குடிங்கம்மா. விழுந்துராதிய."

அவள் டீக்கு நிற்கவில்லை.

தெரு முனையில் திரும்பும்போதே வெள்ளை அம்பாசிடர் தெரிந்தது. பின்சீட்டில், துவைத்த சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக ஐயம்பெருமாள் உட்கார்ந்திருந்தார். வாசலில் பொன்செல்வி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நான் என்னக்கா செய்ய? அண்ணாச்சிதான் போவோம் போவோம்னு அடம்பிடிக்காரு."

வடிவம்மாள் காரை நெருங்கினாள். தம்பி கூட்டிக்கொண்டு போவான் என்றுதான் பயந்தாள். அவரே புறப்படுவார் என்று ஒருபோதும் நினைக்கவில்லை.

கார்க் கண்ணாடி வழியே குனிந்தாள். "இறங்குங்க."

அவர் அவளுடைய மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "நீ... தூங்கு... வடிவு."

"நான் தூங்குததுக்கு நீங்க களக்காடு போகணுமா?"

"மதினி," என்று சிவசங்கரன் குறுக்கே வந்தான், "கண்ணாடியில முகத்தைப் பாத்தியளா? எத்தனை நாளைக்கு ஒத்த ஆளா இப்படி?"

"பாக்கலை தம்பி. நேரமில்லை. பாய் சரக்கு எடுத்துக்கிட்டாரு. சனிக்கிழமைக்குள்ள ஐந்நூறு கேட்டிருக்காரு."

"ஐந்நூறா! யாரு ஊத்துவா?"

"நான்தான்."

"அண்ணனை யாரு பாப்பா?"

"நான்தான்."

அவள் குரலில் கோபமும் இல்லை, வீறாப்பும் இல்லை. வெறும் அசதி மட்டும்தான் இருந்தது.

"என்னைக் கூலிக்குக் கூப்பிடுங்க, நானும் ஊத்துதேன்" என்று வாசலிலிருந்து பொன்செல்வி குரல் கொடுத்தாள்.

வடிவம்மாள் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு நிக்க முடியலைங்க. கெஞ்சவும் முடியலை. போகணும்னா போங்க. ஆனா எனக்காகப் போறேன்னு மட்டும் சொல்லாதிய."

அவர் இடது கையைக் கதவின் கைப்பிடியில் வைத்தார். அது வழுக்கியது. மறுபடி பிடித்தார். உதவ வந்த தம்பியை, "ஏலே... வி... விடு" என்று தடுத்தார். மூன்றாவது முறை கதவு திறந்தது. இடது காலை வெளியே வைத்தார். வலது கால் வரவில்லை. அது அவருடையதே இல்லை என்பதுபோல உள்ளேயே கிடந்தது. அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

வடிவம்மாள் முழங்கால் சொடுக்கக் குனிந்து, இரண்டு கைகளாலும் அந்தக் காலைத் தூக்கி, ஈரமண்ணில் மெல்ல வைத்தாள்.