கஞ்சியும் தண்ணீர்தான்

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் உங்கள் சிறுநீரகம் ஒழுங்காக இருக்கிறது. கொண்டாடுங்கள்.

எனக்குத் தெரியும். காலையில் அம்மா ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பதுதான் அன்று முழுக்க.

கல்லூரிக் கடைசி வருடம் முகம் வீங்கியது. ஹாஸ்டல் சாப்பாடு ஒட்டிவிட்டது என்று தோழிகள் ஓட்டினார்கள், நானும் சிரித்தேன். பிறகு செருப்பு காலில் நுழையவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏகத்துக்கும் ஏறியிருந்தது. அதிலிருந்து வாரம் இரண்டு முறை எங்கள் மலை ஊரிலிருந்து இறங்கி நாமக்கல்லில் டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்வது). குடிக்கும் தண்ணீர் வெளியே போகாது, உடம்பிலேயே தங்கும். அதனால்தான் அளவு.

அந்தக் கடுப்பில் ஒருநாள் அங்கே நர்சரியில் எச்செவேரியா வாங்கினேன். தடித்த இலைகள் ரோஜாப்பூ மாதிரி அடுக்கிய குட்டிச் செடி. மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதற்குத் தண்ணீர். எனக்கு ஒரு கூட்டாளி வேண்டியிருந்தது.

அம்மா அதை அமுக்கிப் பார்த்தாள். "ஏங்கண்ணு, பிளாஸ்டிக்கா?"

"உசுரு இருக்கும்மா. தண்ணி மட்டும் ஊத்தீராத."

"பாவம், இதுக்கும் டாக்டரு சொல்லீட்டாரா?"

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் படுத்தால் மூச்சு வரவில்லை. உட்கார்ந்தாலும் வரவில்லை. பக்கத்து ஊட்டுக்காரர் காரில், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் செத்துப் பிழைத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. உடனே டயாலிசிஸ் போட்டார்கள்.

டாக்டர் அம்மாவிடம் கேட்டார். "தண்ணி அதிகமாக் குடுத்தீங்களாம்மா?"

"இல்லீங்க சார். பாட்டல்ல இருக்கறது மட்டுந்தானுங்க."

"கஞ்சி, மோர்?"

"சாமைக் கஞ்சி குடுத்தனுங்க. அது சாப்பாடுங்களே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கஞ்சியும் தண்ணிதாம்மா. ரசமும் தண்ணிதான். இன்னொரு தடவ இப்படி வந்தா பொண்ணோட இதயம் தாங்காது."

டயாலிசிஸில் இருப்பவர்களே, மோர், ஐஸ், இளநீர், குழம்பு எல்லாமே கணக்கில் வரும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தாகம் வந்தால் படிப்பெல்லாம் காற்றில் போகிறது.

வீடு திரும்பியபோது செடியின் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. தொட்டேன், பூவடுக்கு மொத்தமும் கையோடு வந்தது. தண்டு கறுத்து அழுகியிருந்தது. மண்ணில் புளித்த வாடை.

"அரிசி களைஞ்ச தண்ணிதான் கண்ணு ஊத்துனேன். பச்சத் தண்ணி ஊத்தல."

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா தொட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நோய் வந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"ஒரு உசுரு தாகத்தோட இருக்கறத எப்படிச் சாமி பாத்துட்டே இருக்கறது?"

கையோடு வந்ததைப் பிரித்துப் பார்த்தேன். அழுகாமல் மூன்று இலைகள் மிச்சம் இருந்தன. காய்ந்த மணலில் கிடத்தினேன். அப்புறம் தினமும் அம்மா செம்போடு வந்து நிற்பாள்.

"ஊத்தட்டுமா?"

"வேண்டாம்மா."

போய்விடுவாள். எனக்குக் கஞ்சி ஊற்றும் முன், அதே அளவு தண்ணீரை என் பாட்டிலிலிருந்து வெளியே கொட்டுவாள். அப்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இரண்டு இலைகள் கருகிப் போயின. மூன்றாவதன் அடியில் மிளகளவு ஒரு பூவடுக்கு முளைத்திருக்கிறது. தாய் இலை நாளுக்கு நாள் சுருங்குகிறது. குட்டி அதிலிருந்துதான் குடிக்கிறது. அம்மா செம்பை எடுப்பதில்லை, சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

என் முன்கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கிறது. தொட்டால் உள்ளே வண்டு அடைபட்ட மாதிரி உறுமும்; உறுமல் நின்றால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். அப்புறம் நாள் எவ்வளவு போயிற்று என்பதைப் பாட்டிலில் இறங்கும் மட்டத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறேன்.

வெளியே மழை. பாட்டிலில் இன்னும் அரை டம்ளர் இருக்கிறது.