அக்-கென்னின் மூச்சுப் பதிவுகள்

அக்-கென்னில் ஈயச் சுரங்கத்தை இழுத்து மூடிப் பத்து வருஷமாகியும் ஊரில் இருமல் ஓயவில்லை. ரொட்டிக் கடை வரிசையில் நின்றால், யார் எந்தக் குடைவில் வேலை பார்த்தவர் என்று இருமலை வைத்தே ஜூராகான் சொல்லிவிடுவாள். அவள் புருஷன் சொவெத்பெக் மூன்றாம் குடைவு. இப்போது இரண்டாவது மாடியிலிருக்கும் வீட்டுக்கு ஏற நடுவில் இரண்டு தடவை படியில் உட்காருவான்.

சுரங்கம் ஓடிய நாளில் அதன் கணக்கு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவள் ஜூராகான். மூடியபின் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் துர்தாகுன் அவளை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். ஜெர்மன்காரர்கள் யாரோ தானமாகக் கொடுத்த பழைய பெட்டி. லினக்ஸைப் போட்டு, ரஷ்ய மொழியில் ஒரு தடிப் புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆறு வருஷத்தில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேரின் அட்டைகளை அவள் அதில் ஏற்றினாள்: பெயர், குடைவு, வருஷாவருஷம் குழாயில் ஊதிய மூச்சின் அளவு, மார்புப் படம். ஐந்து வருஷ அளவாவது வரிசையாக இருந்தால்தான் நோய் சுரங்கத்தால் வந்தது என்று தலைநகர் பிஷ்கெக்கின் மருத்துவக் குழு ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொண்டால்தான் மருந்தும் ஆக்சிஜன் உருளையும் வரும்.

ஏற்றி முடித்த அட்டைகள், சூடேற்றும் குழாய்கள் உறைந்து வெடித்த ஒரு ஜனவரியில் ஆஸ்பத்திரி அடுப்புக்குப் போயின. "அதான் எல்லாம் பெட்டியில இருக்கே எஜே" என்றார் டாக்டர். அக்கா என்ற பொருளில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். நோயாளிகள் விறைத்துக் கிடந்தார்கள். ஜூராகானும் தன் கையாலேயே இரண்டு கட்டுகளைத் தூக்கிப் போட்டாள்.

2004 பிப்ரவரியில் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. பதிவுகளைக் குடைவு வாரியாகப் பிரித்து, தனி ஹார்ட் டிஸ்க்கில் வியாழக்கிழமை கொண்டுவர வேண்டும். கடிதம் கைக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பெட்டி போகும் வேகத்துக்குப் பிரித்து எழுத முப்பது மணி நேரமாகும். மின்சாரமோ காலை பத்திலிருந்து இரண்டு வரைதான்.

"தேதியத் தள்ளிப் போடச் சொல்லுங்க டாக்டர்."

"கேட்டுப் பாத்துட்டேன் எஜே. அடுத்த கூட்டம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தானாம். அதுவரைக்கும் யாரு இருப்பா, சொல்லுங்க?"

திங்கட்கிழமை அவள் புத்தகத்தைப் புரட்டினாள். டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு துணுக்கையும் பிராசசரே கை நீட்டி வாங்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் தாமதம் என்று போட்டிருந்தது. ஒரே ஒரு கட்டளை கொடுத்தால், டிஸ்க் நேராக நினைவகத்துக்கே தள்ளிவிடும். கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி: சில பழைய மதர்போர்டுகளில் இது தகவல்களைக் கெடுக்கலாம், உங்கள் போர்டு எதுவென்று தெரியாவிட்டால் தொடாதீர்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தாள். பெயர் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் மிச்சம்.

திருப்புளியால் மூடியை மறுபடி முடுக்கினாள். பிறகு கட்டளையை அடித்தாள். நொடிக்கு மூன்று மெகாபைட்டாக இருந்தது இருபத்திரண்டுக்குத் தாவியது.

"கையில என்ன மந்திரம் வச்சிருக்கீங்க எஜே!" டாக்டர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

டிஸ்க்கில் இடம் போதவில்லை. அதனால் ஒவ்வொரு குடைவையும் புது வரிசையில் எழுதியதும் பழையதை அழித்தாள். பிரதி வைத்திருந்த இன்னொரு டிஸ்க்தான் பிஷ்கெக்குக்குப் போக வேண்டியது. அதன்மேலேயே புதியதை எழுதினாள். முடித்ததும் பத்துப் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். பளிச்சென்று இருந்தன. அவை டிஸ்க்கிலிருந்து வரவில்லை, நினைவகத்தில் தங்கியிருந்தவை என்பது பின்னால்தான் அவளுக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை பிஷ்கெக்கில் ஓர் இளைஞன் டிஸ்க்கை மாட்டினான்.

"இதென்ன எஜே, பாதிப் படம் வெறும் சாம்பலா இருக்கு? பேருக்கப்புறம் எல்லாம் கட்டம் கட்டமா வருது?"

நல்ல பையன். ஒயரை மாற்றிப் பார்த்தான், வேறு இரண்டு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தான். நாலு மணிக்கு டிஸ்க்கைத் துணியில் சுற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டான்.

ஊர் திரும்பியதும், வேகத்துக்காகக் கொடுத்த அந்தக் கட்டளையை நிறுத்தினாள். நிறுத்தி என்ன? எழுதியது எழுதியதுதான். தினம் நாலு மணி நேரமாக ஒன்றரை மாதம் ஒவ்வொன்றாகத் திறந்தாள். நூற்று எண்பத்தேழு பேருடையது பிழைத்திருந்தது. அதில் சொவெத்பெக்கும் ஒருவன்.

எதிர்வீட்டு சல்கினின் புருஷன் மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. அவள் படிக்கட்டில் ஜூராகானை வழி மறித்தாள்.

"எம் புருஷன் பேரு கரைஞ்சு போச்சு, உன் புருஷன் பேரு மட்டும் கல்லுல வெட்டுன மாதிரி நிக்குதா? ரொம்ப நல்ல பெட்டிடி அது!"

"சத்தியமா நான் யாரையும் பொறுக்கி எடுக்கல சல்கின்."

"அப்ப யாரு, பெட்டியே பொறுக்குச்சா?"

ஆமாம், பெட்டிதான். ஆனால் அதை எந்த வாயால் சொல்வாள்?

உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சொவெத்பெக், "என்னுதையும் அழிச்சுடு" என்றான்.

"அழிச்சா மத்தவங்களுக்குத் திரும்பி வந்துடுமா?"

"வராது. படியில மூச்சு வாங்க உக்காரும்போது அவங்க மூஞ்சியப் பாக்கவாச்சும் முடியுமில்ல."

அவள் அழிக்கவில்லை. நூற்று எண்பத்தேழையும் அனுப்பினாள். மே மாதம் பதில் வந்தது: பெரும்பகுதி சிதைந்திருப்பதால் மிச்சத்தையும் நம்புவதற்கில்லை, ஐந்து வருஷம் புதிதாக அளந்து மறுபடி அனுப்பலாம். டாக்டர் அதை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதிதாக அளக்க ஆரம்பித்த அன்று பதினோரு பேர் வந்தார்கள். சொவெத்பெக்கும் வந்து ஊதினான். குழாயின் அளவுமுள் அசைந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஜூராகான் அளவை நோட்டில் எழுதினாள்.

"இன்னும் நாலு தடவதானே?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அவனை நாற்காலியோடு குலுக்கியது.

அடுத்த வருஷ அளவுக்கு அவன் இல்லை. ஒப்பாரிக்கு வந்த பெண்களோடு சல்கினும் வந்தாள். கடைசி வரிசையில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஜூராகான் கொடுத்த ரொட்டியைத் தொடாமல் எழுந்து போனாள்.